கடைசி வீட்டுப் பிள்ளைதான் லீடர்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்தவர்கள் பிறகு கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். அந்த ஆறாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் உண்டாக்கியவற்றைக் கேளுங்கள். கல்லும் முள்ளுமாகக் கிடந்த பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தை வாலிபால் மைதானமாக்கினேன். பெண் பிள்ளைகள் ஆடினால் யார் பார்ப்பது என்று கேட்டார்கள். அடுத்த வருஷம் கேட்டவர்களே மதில்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒழுகிய சைக்கிள் ஷெட்டுக்குக் கூரை போட்டேன். வெயில் காய்ந்த வாசலில் புங்க மரம் வைத்து, ஆடு மாடு கடிக்காமல் வளர்த்தேன். வெள்ளிக்கிழமை தோறும் முழுப் பள்ளியும் தெருத் தெருவாக உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாகத் தெருக் குழு. இன்று எத்தனையோ பள்ளிகளில் அதை நடத்துகிறார்கள், பாடம் எடுக்கிறார்கள், படம் போட்டுக் காட்டுகிறார்கள். அது பிறந்தது பெங்களூரு லிங்கராஜபுரத்தில், ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் கேட்டில், ஒரு சாக்பீஸ் துண்டில். அந்தச் சாக்பீஸைப் பிடித்திருந்த கை என் கை.

என் பெயர் வின்சென்ட். கேட், மணி, மைதானம் மூன்றும் என் பொறுப்பு. சம்பளம் வாங்கும்போது அட்டெண்டர். பிள்ளைகளுக்கு அங்கிள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு கேட்டுக்கு வந்திருக்கிற ரூபன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, இப்ப லீடர்ஷிப் டிரெய்னிங்னு கோட்டு போட்ட ஆளுங்க வர்றாங்க. பசங்கள பலூன் ஊத வெக்கிறாங்க. ஊதி முடிச்சா ஆளுக்கொரு சர்டிபிகேட்டு. நீங்க அப்ப என்னதான் பண்ணீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றான். பலூனைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். மற்றதைத் தொட விடவில்லை.

என் டிரெய்னிங் சுருக்கமானது. பேக்கரியில் டிரே கழுவினேன். பிறகு சிவாஜிநகர் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தேன். கடைசியாக எடுக்கப் போகிற வண்டியை முதலில் உள்ளே தள்ள வேண்டும், முதலில் எடுக்கப் போகிறதை வெளியே நிறுத்த வேண்டும். இதை மாற்றிச் செய்தால் சாயங்காலம் அடிதடிதான். அங்கிருந்து கல்யாண மண்டபம், பந்தி மேற்பார்வை. ஆயிரம் பேர் இருந்தாலும் இலையைப் பார்த்தே யாருக்கு என்ன வரவில்லை என்று சொல்வேன். இந்த மூன்று கல்லூரிகளிலும் தேறிய பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்.

வந்த புதிதில் சாயங்கால மணி அடிக்கவே எனக்குப் பயம். கதவைத் திறந்ததும் அணை உடைந்த மாதிரி பிள்ளைகள் வெளியே பாய்வார்கள். ரோட்டில் பஸ், ஆட்டோ, வேன், இரண்டு சக்கர வண்டிகள். குட்டிப் பிள்ளைகள் பெரியவர்களின் பைகளுக்கு நடுவில் தலை தெரியாமல் ஓடும். ஒரு நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆட்டோவின் முன்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாக்பீஸ் எடுத்தேன். கேட்டுக்கு உள்பக்கம் சிமெண்டுத் தரையில் நீளமாகக் கோடுகள் போட்டேன். ஒவ்வொரு கோட்டின் தலையிலும் ஒரு படம், ஏனென்றால் குட்டிகளுக்குப் படிக்க வராது. மசூதி ரோட்டுக்குப் பிறை. சர்ச் ரோட்டுக்குச் சிலுவை. ரயில்வே கேட்டுக்கு ஏணி மாதிரி தண்டவாளம். பேக்கரி சந்துக்கு ஒரு பன். மழைநீர்க் கால்வாயை ஒட்டிப் போகிற காலுவே ரோட்டுக்கு மூன்று அலை. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வெளியே போகக் கூடாது, தெருத் தெருவாகப் போக வேண்டும். அவ்வளவுதான் யோசனை. பெரிய மேதைகளுக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் கேட்டில் நின்றதில்லை.

பிரின்சிபல் சிஸ்டர் லெட்டீசியா இதை மாடி வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பல நாள் பார்த்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலில் பிறந்தவர், அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும், சிஸ்டருக்கு இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஆபத்து. கண்ணாடியைக் கழற்றி முக்காட்டின் ஓரத்தால் துடைக்க ஆரம்பித்தால் யாரோ ஒருவர் கதை முடிந்தது. எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "அப்புறம்?" என்று கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். மறுபடி "அப்புறம்?" சொல்ல ஒன்றும் இல்லாமல் நீங்களாகவே யோசனையைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். எம்.ஏ., பி.எட். படித்த டீச்சர்களே இரண்டாவது அப்புறத்தில் விழுந்திருக்கிறார்கள். நான் விழவில்லை.

ஒரு நாள் இறங்கி வந்தார். கோடுகளை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

"என்ன வின்சென்ட் இது, கோலமா?"

"லைன் சிஸ்டர். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு லைன்."

"அப்புறம்?"

"பெல் அடிச்சதும் அவங்கவங்க தெருவுல வந்து நிக்கட்டும். பெருசுங்க சிறுசுங்க கையப் புடிச்சுக்கட்டும்."

"அப்புறம்?"

"ஒரு தெரு ரோட்டத் தாண்டின பிறகு அடுத்த தெரு. வீடு வரைக்கும் ஒண்ணாவே போகட்டும்."

"அப்புறம்?"

"ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு லீடர்."

"ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குற புள்ளைங்களா?"

"இல்ல சிஸ்டர். எந்தப் புள்ள வீடு கடைசியில இருக்கோ, அது."

கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஏன்?"

அவர் ஏன் என்று கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கடைசி வீட்டுப் புள்ளதான் சிஸ்டர், எல்லாரும் வீட்டுக்குள்ள போனதப் பாத்துட்டுப் போகும். முதல் வீட்டுப் புள்ளய லீடராக்கினா, அது பையக் கழட்டிட்டு டிபன் சாப்புட உக்காந்துடும். மத்தவங்க கதி?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழமையே ஆரம்பிங்க. கோட்ட மட்டும் கொஞ்சம் நேரா போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சைக்கிள் ஸ்டாண்டில் படித்த பாடம் பள்ளிக்கூடத்தின் சட்டமானது அப்படித்தான்.

முறையைச் சொல்கிறேன், இப்போது நடத்துகிறவர்கள் பாதியை மறந்துவிட்டார்கள். வரிசையில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை முன்னால் நிற்கும். அது நடக்கிற வேகம்தான் தெருவின் வேகம். லீடர் கடைசியில் நிற்க வேண்டும். முன்னால் நின்றால் பந்தா, பின்னால் நின்றால்தான் யார் கழன்று போகிறார்கள் என்று தெரியும். ரோட்டைத் தாண்டும்போது இருப்பதிலேயே பெரிய இரண்டு பேர் வண்டிகளைப் பார்த்து நிற்பார்கள். வீடு வந்ததும் பிள்ளை லீடரின் கையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் லீடர் அந்தப் பிள்ளையின் வீட்டில் கேட்டுவந்து காலையில் கேட்டில் சொல்ல வேண்டும். பிறகு கூப்பாடு. லீடர் தெருவின் பெயரைச் சொல்லிக் கத்தினால் அந்தத் தெருப் பிள்ளைகள் கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு, யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வந்து கை கோத்துக்கொள்ள வேண்டும். "காரணத்த அப்புறம் கேளுங்க, முதல்ல கையப் புடிங்க." இது என் வார்த்தை. வெள்ளிக்கிழமை தோறும் இதற்குப் பயிற்சி.

வெள்ளிக்கிழமைச் சாப்பாடும் அதோடு சேர்ந்து வந்தது. எல்.கே.ஜி.யிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரு தெருப் பிள்ளைகள் மைதானத்தில் ஒன்றாக உட்காருவார்கள். இறுக்கிக் கிடக்கிற டிபன் மூடியைப் பெரியவர்கள் திறந்துவிடுவார்கள். புளியோகரே ஒரு கை, தயிர்சாதம் ஒரு கை என்று மாறும். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை சாப்பாடு கொண்டுவராவிட்டால் பசிக்கவில்லை என்று பொய் சொல்லித் தப்பித்துவிடும். தெருவில் முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும், காலையில் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று. கேட்கவே மாட்டார்கள், டிபனைத் தள்ளி வைப்பார்கள். சில பள்ளிகளில் இதைச் சமூக வாழ்வு என்று கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்களிடம் அதற்கு எலுமிச்சை ஊறுகாய் வாசனை இருந்தது.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஃபிலோமினா மிஸ்ஸுக்குப் பிடிக்கவில்லை. அவர்தான் ஒழுக்கத்துக்குப் பொறுப்பு, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பதும் அவரே. தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் பெரிய மணியை அடித்ததும் மைக்கில் மூவேளை ஜெபம், அதாவது தேவதூதர் மாதாவிடம் வந்ததைச் சொல்கிற ஜெபம், சொல்கிறவரும் அவர்தான். நல்ல மனுஷி, ஆனால் இஸ்திரி போட்ட மனுஷி. காலுவே ரோட்டில் கடைசி வீடு கீதாவின் வீடு என்று தெரிந்ததும் நேராகக் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"வின்சென்ட், கணக்குல பெயிலாகுற பொண்ணுக்கு பேட்ஜ் குத்துவீங்களா?"

"வீடு கடைசியில இருக்கு மிஸ்."

"வாயத் தொறந்தா மார்க்கெட்டு மாதிரி இருக்கு. எட்டு வருஷமா மெதுவா பேசு மெதுவா பேசுன்னு சொல்லியே எங்க தொண்ட போச்சு."

"அந்த வாய்தான் மிஸ் எனக்கு வேணும்."

கீதாவின் அம்மா பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிறவர். கீதாவும் காலையில் பள்ளிக்கு வருவதற்கு முன் அம்மாவோடு நின்று, பஸ் ஜன்னல்களைப் பார்த்து "மல்லிகே, கனகாம்பரா, சேவந்திகே" என்று கூவிவிட்டுத்தான் வருவாள். ஓடுகிற இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேட்கிற குரல். பேட்ஜ் குத்திய அன்று அவள் தெருவைக் கூப்பிட்டதும் எதிர்க் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டேன். ஆளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று என்னிடம் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது அந்த மழை நாளுக்கு வருகிறேன். எழுதும்போதே எனக்கு உடம்பு சூடேறுகிறது.

காலையிலிருந்தே கொட்டியது. பெங்களூரு மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மணி நேரத்தில் ரோடு ஆறாகும். பள்ளியின் பின்மதில் கால்வாயை ஒட்டிய பழைய கல் மதில். அதற்கு நேர் கீழேதான் எல்.கே.ஜி. வகுப்பு. மத்தியானத்துக்குச் சற்று முன் நான் பின்பக்கம் போனபோது மதிலின் கல் இடுக்குகளில் தண்ணீர் ஊசி ஊசியாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். குரல் அப்படியே இறங்கியது.

"வின்சென்ட், எல்லாரையும் மேட்டுல இருக்குற சர்ச்சுக்கு ஏத்தணும். தெரு லைன்லயே போகட்டும், சிறுசுங்க கைய யாராவது புடிச்சிருப்பாங்க. நான் ரோட்டுல வண்டிய நிறுத்துறேன். வகுப்பு வகுப்பா போய்ச் சொல்ல நேரமில்ல, நீங்க பெரிய மணிய விடாம அடிங்க."

குடைகூட இல்லாமல் வெள்ளை அங்கியோடு ரோட்டில் இறங்கி, கையை விரித்து பஸ்ஸை நிறுத்தினார். நான் கயிற்றைப் பிடித்து அடித்தேன். என் பலம் எல்லாம் போட்டு அடித்தேன். பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்று படிக்கட்டைப் பார்த்தால், ஒருவரும் வரவில்லை.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய மணி அடித்தால் எங்கள் பள்ளியில் என்ன நடக்கும்? எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். கை குவியும், கண் மூடும். அத்தனை வருஷத்துப் பழக்கம். வராந்தாவில் வந்துகொண்டிருந்தவர்கள் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றார்கள். மைக்கில் ஃபிலோமினா மிஸ் "ஆண்டவருடைய தூதர்" என்று ஆரம்பித்துவிட்டார். சிஸ்டர் ரோட்டில், நான் கயிற்றில், நடுவில் முழுப் பள்ளியும் பக்தியாக நிற்கிறது. நான் நிறுத்தாமல் அடிக்க அடிக்க, வின்சென்டுக்கு இன்றைக்கு ஏதோ விசேஷ பக்தி என்று நினைத்திருப்பார்கள். எல்.கே.ஜி. மிஸ்ஸும் முப்பது குட்டிகளும் அந்த மதிலடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

மேலே ஒன்பதாம் வகுப்பில், பின்பக்க ஜன்னலோரம் கீதா. அவள் கண்ணை மூடவில்லை. மதில் நடுவில் வயிறு தள்ளியிருந்ததை அவள் பார்த்தாள். அடுத்த நொடி மைக்கையும் மணியையும் மழையையும் தாண்டி ஒரு குரல் வந்தது.

"காலுவே ரோடு, கையப் புடி!"

கத்திக்கொண்டே இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். ஒரு தெருவைக் கூப்பிட்டது கேட்டால் மற்ற லீடர்களும் கூப்பிட வேண்டும், அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன். மசூதி ரோடு என்று ஒரு குரல், ரயில்வே கேட் என்று ஒரு குரல், பேக்கரி சந்து என்று ஒரு குரல். நின்றுகொண்டிருந்த பள்ளி அப்படியே உயிர் பெற்றது. மைக்கில் ஜெபம் நின்று, "யாருடி அது, ஜெபத்துல கத்துறது?" என்று மிஸ்ஸின் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கீதா எல்.கே.ஜி.க்குள் நுழைந்து, கண்ணை மூடி நின்ற குட்டிகளை இரண்டு இரண்டாக இழுத்து வெளியே விட்டாள். நான் கயிற்றை விட்டு ஓடிப்போய் நான்கைந்தைத் தூக்கினேன். சிஸ்டர் நிறுத்திய பஸ்ஸுக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கை கோத்து மேட்டுக்கு ஏறியது பள்ளிக்கூடம். அந்த பஸ் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். நான் ஓட ஓட அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது மதில் விழுந்தது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். மதில் விழவில்லை. மழை நின்றது, தண்ணீர் வடிந்தது, மதில் தொப்பையோடு அப்படியே நின்றது. பார்க்க வந்த இஞ்சினியர், "பத்து நிமிஷமும் நிக்கலாம், பத்து வருஷமும் நிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த ஓட்டத்தில் ஜெனி என்கிற எல்.கே.ஜி. பிள்ளை படியில் வழுக்கி விழுந்து, தாடையில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. விழாத மதில் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தையல் தெரிந்தது.

மறுநாள் சிஸ்டரின் அறையில் கூட்டம். ஜெனியின் அப்பா அமல்ராஜ் வந்திருந்தார், டூவீலர் மெக்கானிக், சர்ச்சின் பங்குத் திருவிழாக் கமிட்டியில் இருக்கிறவர், அவர் வீடும் காலுவே ரோட்டில்தான். ஃபிலோமினா மிஸ், கீதா, கீதாவின் அம்மா. அப்புறம் நான், கதவருகில்.

"சிஸ்டர், என் பொண்ணு மூஞ்சியில தையல்" என்றார் அமல்ராஜ். "டீச்சருங்க யாரும் சொல்லாம, பூக்காரம்மா பொண்ணு ஒண்ணு கத்தினா ஸ்கூலே ஓடுமா? இது ஸ்கூலா, கே.ஆர். மார்க்கெட்டா? பேட்ஜப் புடுங்குங்க. இந்தத் தெரு விளையாட்டெல்லாம் நிறுத்துங்க."

கீதாவின் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீதா பார்க்கவில்லை. "நான் கத்தலன்னா ஜெனி அங்கயே நின்னிருப்பா அங்கிள்" என்றாள்.

"ஜெபத்துல நின்னா ஆண்டவர் பாத்துப்பாருடி" என்றார் மிஸ்.

"பாத்துக்கிட்டாரு மிஸ். அதுக்குத்தான் எனக்கு ஜன்னலோரம் சீட்டு."

மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அமல்ராஜ் நாற்காலியை நகர்த்தினார். "பாத்தீங்களா வாய? யாரு சிஸ்டர் இந்தக் கூப்பாட்டையெல்லாம் ஆரம்பிச்சு வெச்சது?"

"வேற யாரு, வின்சென்ட்தான்" என்று என் பக்கம் விரலை நீட்டினார் மிஸ். "கோடு போட்டது, கூப்பிடச் சொன்னது, கடைசி வீடு முதல் வீடுன்னு பேசினது, எல்லாம் வின்சென்ட்தான்."

"ஓ, வின்சென்டா" என்று அமல்ராஜும் விரலை நீட்டினார்.

நான் இரண்டு அடி முன்னால் வந்தேன். "ஆமா சார், நான்தான். தெருப் பேர் காதுல விழுந்தா எது இருந்தாலும் விட்டுட்டு வான்னு சொல்லிக் குடுத்தவன் நான். ஜெபமா இருந்தா மட்டும் நில்லுன்னு நான் சொல்லல. சொல்லியிருக்கவும் மாட்டேன். இந்தப் பொண்ணு நான் சொன்னத அச்சுப் பிசகாம செஞ்சிருக்கு. பேட்ஜ எடுக்கணும்னா, முதல்ல என் காக்கிச் சட்டைய எடுங்க. கேட்டு சாவி இந்தா இருக்கு."

சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. பெரிய பெரிய ஆட்கள் செய்வதாகக் கதை சொல்கிறார்களே, அதை நான் செய்தேன், ஆறாம் வகுப்பை வைத்துக்கொண்டு.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீளமாகத் துடைத்தார். "அடுத்த வாரம் சொல்றேன்" என்றார், கேட்டும் கேட்காத குரலில். "அதுவரைக்கும் கீதா பேட்ஜ் போட வேணாம். காலுவே ரோடு லீடர் இல்லாம போகட்டும். வின்சென்ட், சாவிய எடுத்துக்கிட்டுப் போங்க, கேட்டு தொறந்து கெடக்கு."

அந்த நாட்களில் காலுவே ரோடு வரிசை பல்லுப் போன சீப்பு மாதிரி போனது. கீதா நடுவில் ஒரு சாதாரணப் பிள்ளையாக நடந்தாள், வாய் திறக்கவில்லை. ஜெனியை அமல்ராஜ் வண்டியில் வந்து கூட்டிப்போனார். தெருக் குழுவை எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. மற்ற லீடர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வந்து, "அங்கிள், எங்க பேட்ஜும் போயிடுமா?" என்று கேட்டார்கள். என்னால் அவர்களைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமல்ராஜ் வண்டியை நிறுத்தி, "வாம்மா" என்று கையை நீட்டினார். தாடையில் பிளாஸ்டர் ஒட்டிய ஜெனி அப்பாவைத் தாண்டி நடந்துபோய், மூன்று அலை போட்ட கோட்டின் தலையில் நின்றாள். இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்கு உரிய இடம்.

"ஜெனி, வண்டியில ஏறு."

"எங்க தெரு போகுதுப்பா."

"அப்பா கூப்பிடுறேன்ல."

"கீதாக்காவ பின்னாடி நிக்கச் சொல்லு. அப்பதான் வருவேன்."

அமல்ராஜ் என்னைப் பார்த்தார். நான் புங்க மரத்தைப் பார்த்தேன். அவர் பெரிய மூச்சு விட்டு, கீதாவைப் பார்த்து, "போம்மா, பின்னாடி நில்லு. இது நகராது போல" என்றார். கீதா கடைசியில் போய் நின்றாள். "காலுவே ரோடு" என்று மட்டும் சொன்னாள், மெதுவாக. வரிசை நகர்ந்தது. அமல்ராஜ் வண்டியை முதல் கியரில் போட்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, எல்.கே.ஜி. பிள்ளையின் வேகத்தில், வரிசைக்குப் பின்னாலேயே போனார். வழியில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் கீதாவின் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனதை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். இதை அவரே திங்கட்கிழமை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஜெனியைக் கூட்டிப்போக வரவில்லை.

சிஸ்டர் வெள்ளிக்கிழமையே மாடியிலிருந்து பார்த்துவிட்டார். திங்கட்கிழமைக் காலை கீதாவைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தன் கையால் பேட்ஜைக் குத்தினார். இனிமேல் பெரிய மணி ஆபத்துக்கு மட்டும், மத்தியான ஜெபத்துக்குக் கைமணி போதும் என்றார். பிறகு மிஸ்ஸிடம் சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "ஃபிலோமினா, நாம சொல்ற ஜெபத்துலயே தூதர் வந்து கூப்பிட்டப்ப மாதா காது குடுத்தாங்க. அந்தப் பொண்ணும் அதத்தான் பண்ணிச்சு." அன்றிலிருந்து மிஸ் மைக்கில் ஜெபம் சொல்லும்போது கண்ணைத் திறந்துகொண்டு, எல்லா வராந்தாவையும் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

சிஸ்டர் மாற்றலாகிப் போன இடங்களுக்கெல்லாம் தெருக் குழு கூடவே போனது. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்தார்கள், என் கோடுகளைப் படம் பிடித்தார்கள். என்னை டீ கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுவந்தேன். இப்போது அதைப் பற்றி வழவழப்பான தாளில் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. கீதா நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். போனில் எனக்கு அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். நிர்வாகத்தின் தொலைநோக்கால் உருவான மாணவர் தலைமைத் திட்டம் என்று ஆரம்பிக்கிறதாம். கடைசி வீட்டு விதி இருக்கிறது, சின்னப் பிள்ளை முன்னால் நிற்பது இருக்கிறது, வெள்ளிக்கிழமைச் சாப்பாடு இருக்கிறது.

"என் பேரு எங்கம்மா வருது?" என்றேன்.

"வரவே இல்ல அங்கிள்."

"உன் பேரு?"

"'ஒரு மாணவி'ன்னு போட்டிருக்காங்க." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிர்வாகத்தாருக்கு நான் சொல்வது இதுதான். அன்றைக்கு அந்த அறையில் யார் ஆரம்பித்தது என்று கேட்டபோது ஒருவர்கூட நிர்வாகத்தின் தொலைநோக்கு என்று சொல்லவில்லை. விரல்கள் நேராக என் பக்கம்தான் வந்தன. சரியாகத்தான் வந்தன, நானும் ஒத்துக்கொண்டு சாவியை வைத்தேன். பழிக்கு நான் சொந்தக்காரன் என்றால் பெருமைக்கும் நான்தான் சொந்தக்காரன். சிஸ்டர் லெட்டீசியா இப்போது ஓய்வில் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பாருங்கள், மறைக்க மாட்டார்.

புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும்போது முதல் பக்கத்தில் போடுங்கள்: தெருக் குழுவை உண்டாக்கியவர் வின்சென்ட், அட்டெண்டர். அதை மழையில் காப்பாற்றிக் காட்டியவர் கீதா, காலுவே ரோடு. இங்கிலீஷில் போட்டாலும் பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.